காளைப்போர் வீரரை வெண்கலத்தில் வார்ப்பது: எந்த அசைவுக்கு எந்த முறை?

ஸ்பெயினின் காளைப்போர் வீரரை, தொரேரோவை, அசைவில் பிடித்து வெண்கலத்தில் வார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வார்ப்பு முறையிலிருந்து தொடங்குகிறார்கள். கன வார்ப்பா (உள்ளே இடைவெளி இல்லாமல் முழுக்க உலோகம்), உள்ளீடற்ற வார்ப்பா, செராமிக் ஓடா, பிளாஸ்டரா, மணலா என்று விசாரிக்கிறார்கள். அது பின்னால் வர வேண்டிய கேள்வி. அவர் கையிலுள்ள துணி எந்த நிலையில் நிற்கப் போகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். சிற்பத்தின் அசைவைத் தாங்குவது அந்தத் துணிதான். வார்ப்பறையில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கும் அதிலிருந்துதான் வருகிறது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 60 செ.மீ. உயரமுள்ள ஆளுருவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 170 செ.மீ. மனிதரின் உடற்கன அளவைச் சுமார் 70 லிட்டர் என்று கொண்டு அந்த அளவுக்குச் சுருக்கினால் 3 லிட்டர் சொச்சம் வரும். வெண்கலத்தின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 8.8 கிலோ என்பதால், கனமாக வார்த்தால் உடல் மட்டும் 27 கிலோ. அதே உடலை 5 மி.மீ. சுவருடன் உள்ளீடில்லாமல் வார்த்தால் 10 கிலோதான். இனி துணி. கபோத்தே என்னும் பெரிய மேலங்கித் துணியை விரித்தால் இரண்டு சதுர மீட்டரைச் சற்றுத் தாண்டும் என்று கொண்டால், 60 செ.மீ. சிற்பத்தில் அது 4 மி.மீ. தகடாக 9 கிலோவைத் தொடுகிறது. உள்ளீடற்ற உடலும் காற்றில் விரிந்த துணியும் கிட்டத்தட்ட ஒரே எடை. அந்த எடை உடலுக்கு வெளியே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரம் வரை நீண்டு தொங்குகிறது. நிலையைத் தேர்வு செய்யும்போது இந்த எண்ணை மறக்கக் கூடாது.

அசைவு காலில் இல்லை

ஓடும் கால்களைக் காட்டினால் அசைவு வந்துவிடும் என்று நினைப்பது காளைப்போர் தெரியாதவர்கள் செய்வது. பந்தெரில்யா ஈட்டி குத்துபவர் ஓடுவார், துள்ளுவார். ஆனால் துணியைக் கையில் எடுத்த தொரேரோ ஓடினால் அரங்கில் மதிப்பில்லை. ஹுவான் பெல்மோந்தே (1892–1962) என்னும் தொரேரோவின் காலத்துக்குப் பிறகு இலக்கணமே அப்படி ஆகிவிட்டது: மனிதர் நின்ற இடத்தில் நிற்பார், காளை அவரைச் சுற்றும். பாதம் மண்ணில் பதிந்திருக்க, இடுப்பு திரும்பி, மணிக்கட்டு தாழ்ந்து, வேகமெல்லாம் துணிக்குப் போய்விடுகிறது. களிமண் உருவம் செய்யும்போதே இதைப் பிடிக்க வேண்டும். இடுப்பின் அச்சும் தோளின் அச்சும் வெவ்வேறு திசையில் திரும்பியிருக்க வேண்டும். தாடை மார்பை நோக்கி இறங்கியிருக்க வேண்டும். பார்வை காளையின் கொம்பு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் காளை இல்லாமலேயே காளை தெரியும்.

இனி நிலைகள்.

வெரோனிகா என்பது இரு கைகளாலும் கபோத்தேயை விரித்துக் காளையைக் கடக்க விடும் அடிப்படை வீச்சு. கைகள் தாழ்ந்த நல்ல வெரோனிகாவில் துணியின் கீழ்விளிம்பு மணலை உரசும். சிற்பிக்கு இது பெரிய வரம். விளிம்பு பீடத்தைத் தொடும் இடத்தில் ஒரு முளையைக் கொடுத்துவிட்டால் அந்த 9 கிலோவும் பீடத்தில் உட்கார்ந்துவிடும், பார்ப்பவருக்கு அது தாங்கல் என்றே தெரியாது. தஞ்சைப் பகுதி நடராசர் படிமங்கள் பலவற்றில் பறக்கும் சடையும் உதரபந்தம் என்னும் வயிற்றுக் கச்சையின் நுனியும் திருவாசியைத் தொடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. ஒற்றைக் காலில் ஆடும் உருவத்துக்கு ஆடையே பிடிமானம் தருகிறது.

மேதியா வெரோனிகா தொடரை முடிக்கும் பாதி வீச்சு. துணி ஒரு பக்க இடுப்பில் சுருண்டு குவிகிறது. எடை உடலுக்கு அருகிலேயே இருப்பதால் சமநிலை எளிது. ஆனால் ஆழமான, நெருக்கமான மடிப்புகள் வரும். அவை செராமிக் ஓட்டுக்கு எதிரி. காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

சிக்குவெலினாவில் வீரர் துணிக்குள்ளேயே சுழல்கிறார். கபோத்தே உடலைச் சுற்றிக்கொள்கிறது, பாதங்கள் சேர்ந்திருக்கின்றன. எடை நடு அச்சில் விழுகிறது, தொங்கும் பகுதி குறைவு. ஒரே துண்டாக வார்க்க இதைவிட ஏற்ற நிலை கிடையாது. முதல் முறை முயல்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும்.

நாத்துரால் முலேத்தாவால் செய்வது: கடைசிக் கட்டத்தில் வரும் சிறிய சிவப்புத் துணி, இடக்கையில் தனியாக, வலக்கையில் வாள். துணி சிறியது என்பதால் எடைச் சிக்கல் பாதியாகிறது. தொல்லை வாளில் வருகிறது. 30 செ.மீ. நீளமும் 2–3 மி.மீ. தடிமனுமான கம்பியை வார்த்தால் பாதியில் உறையும், இல்லையேல் வளையும். வாளை வார்க்கவே வேண்டாம்; இழுத்த வெண்கலக் கம்பியைத் தட்டித் தட்டையாக்கிக் கைப்பிடியில் துளையிட்டுப் பொருத்துங்கள்.

முலேத்தாவைக் காளையின் தலைக்கு மேல் தூக்கி மார்பைக் கடக்க விடும் பாசே தே பேச்சோ பார்க்க மிக அழகானது, வார்க்க மிக மோசமானது. துணி உயரத்தில், தாங்கல் எதுவும் இல்லாமல் நிற்கிறது. காளையையும் சேர்த்து, துணியின் விளிம்பு அதன் முதுகைத் தொடும்படி அமைத்தால் மட்டும் இதைத் தொடலாம்.

காளையைச் சேர்ப்பது தனி முடிவு. முதல்தர அரங்குகளில் காளைக்குக் குறைந்தபட்ச எடை 460 கிலோ. 550 கிலோக் காளை சாதாரணம். அதே அளவுகோலில் சுருக்கினால் 5 மி.மீ. சுவருடன் 28 கிலோ வருகிறது. கனமாக வார்த்தால் 200 கிலோவைத் தாண்டும். காளை சேர்ந்தால் கன வார்ப்பு என்ற வழியே அடைபட்டுவிடுகிறது. ஆளும் துணியும் மட்டும் உள்ள சிற்பமே வலுவானது என்பது எங்கள் கருத்து. ஸ்பானியச் சிற்பி மரியானோ பென்லியூரே (1862–1947) போல் விலங்கின் உடற்கூறு கைவந்தவர்களுக்கு இது பொருந்தாது.

நான்கு வார்ப்பு முறைகள்

மணல் வார்ப்பைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். மணலிலிருந்து மாதிரியை வெளியே எடுக்க வேண்டும். மடிப்புக்கு உள்ளே மடிப்பு உள்ள துணியை எடுக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகள் பல துண்டுகளான மணல் அச்சால் இதைச் சாதித்தன. அந்தக் கைப்பழக்கம் இன்று அரிது. காளையின் உடல் போன்ற உருண்ட வடிவுக்கு மணல் போதும். தொரேரோவின் சட்டைப் பூவேலையை 60 செ.மீ. அளவில் மணல் காட்டாது.

மிஞ்சும் மூன்றும் மெழுகை உருக்கி வெளியேற்றும் முறைகள்தாம்.

சுவாமிமலை வழிக் கன வார்ப்பில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் உருவத்தை நேரடியாகவே செய்கிறார்கள். மேலே காவிரி வண்டல் மண்ணின் நுண்பூச்சு, பிறகு மணல் கலந்த தடித்த மண், பெரிய அச்சானால் இரும்புக் கம்பிக் கட்டு. மெழுகு எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் எடுத்துக்கொள்வது கணக்கு. ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேர்மெழுகில் விரல் வைத்த அழுத்தம் வரை உலோகத்தில் வரும், அந்த உயிர்ப்பு அச்செடுத்த மெழுகில் கிடைப்பதில்லை. 25 செ.மீ. உயரச் சிக்குவெலினாவுக்கு இதுவே முதல் தேர்வு: உடல் 2 கிலோ, 3 மி.மீ. துணி ஒன்றேகால் கிலோ, எல்லாம் ஒரே ஊற்றில்.

ஆனால் 60 செ.மீ.க்குப் போனால் கன வார்ப்பு துணியோடு ஒத்துப்போகாது. மார்பு 8 செ.மீ. தடிமன், அதை ஒட்டிய துணி 4 மி.மீ. துணி சில நொடிகளில் உறைந்துவிடும், மார்பின் நடுப்பகுதி நெடுநேரம் திரவமாகவே இருக்கும். மார்பு பின்னர் உறைந்து சுருங்கும்போது உறைந்துவிட்ட துணியைத் தன் பக்கம் இழுக்கிறது. இணையும் கோட்டில் விரிசல் அல்லது பஞ்சு போன்ற துளைகள் வரும். சுவாமிமலையில் திருவாசியைத் தனியாக வார்த்துப் பொருத்துவது போல, துணியைத் தனியாக வார்த்தால்தான் இது தீரும்.

செராமிக் ஓட்டு முறையில் களிமண் மூலத்துக்கு முதலில் சிலிக்கோன் ரப்பர் அச்சும், அதைத் தாங்கப் பிளாஸ்டர் உறையும் எடுக்கிறார்கள். அச்சுக்குள் மெழுகை ஊற்றிச் சுழற்றி 4–5 மி.மீ. சுவர் கட்டுகிறார்கள். மெழுகைக் கூழ்மச் சிலிக்காக் குழம்பில் முக்கி, நுண்மணல் தூவி, உலர்த்தி, மறுபடி முக்கி, ஏழிலிருந்து பத்துப் பூச்சு வரை போகிறார்கள். ஓடு 8–10 மி.மீ. ஆனதும் 850–900 டிகிரி சூளைக்குள் ஒரே மூச்சில் வைக்க வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் மெழுகு உருகுமுன் விரிந்து ஓட்டைப் பிளந்துவிடும். வெளித்தோல் சட்டென்று உருகி வழிந்தால்தான் உள்ளே விரிய இடம் கிடைக்கும்.

இந்த முறையின் பெரிய பலம் ஓடு சிவக்கச் சூடாக இருக்கும்போதே உலோகம் ஊற்ற முடிவது. 3.5 மி.மீ. துணிகூட விளிம்பு வரை நிரம்பும். பலவீனம் நெருங்கிய மடிப்பு. மடிப்பின் வாய் 2 செ.மீ.க்குக் குறைந்தால் இரு பக்கப் பூச்சும் நடுவில் முட்டிக்கொள்ளும். உள்ளே மணல் போகாது, ஈரம் காயாது, ஓடு அங்கே பலமிழந்து ஊற்றும்போது உடையும். காற்றுக்குமிழி சிக்கிய இடமெல்லாம் வெண்கல உருண்டைகளாக வெளிவரும். மடிப்பின் அடியில் அவற்றை உளியால் எடுப்பது நரகவேதனை. எனவே மேதியா வெரோனிகாவை இந்த முறையில் வார்த்தால் துணியை மடிப்பின் முகட்டுக் கோட்டில் இரண்டு மூன்று துண்டாக வெட்டி வார்த்துப் பற்றவைக்க வேண்டும்.

பிளாஸ்டர் அச்சு இதற்கு நேர்மாறு. பிளாஸ்டரும் செங்கல் தூளும் கலந்த குழம்பை மெழுகைச் சுற்றி ஊற்றுகிறார்கள். திரவம் என்பதால் எந்த மடிப்புக்குள்ளும் நுழையும். உள்ளே வெற்றிடம் வர வேண்டிய இடத்தை நிரப்பும் கருவும் அதே கலவை. கருவைப் பிடித்து நிறுத்த 8–10 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. துருவேறா எஃகு ஆணிகள் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மெழுகு போனபின் கரு சரிந்து, ஒரு பக்கச் சுவர் தடித்து, மறுபக்கம் ஓட்டையாகும். கைகளில் கரு வைக்காதீர்கள், இரண்டரை செ.மீ. கைக்குள் இருக்கும் ஒல்லியான கரு எப்படியும் முறியும், கையைக் கனமாகவே விட்டுவிடலாம். சூளையில் பல நாள் மெல்லச் சுட வேண்டும். 700 டிகிரியைத் தாண்டிச் சுட்டால் பிளாஸ்டர் சிதையத் தொடங்கும், அச்சு பொடிந்து உலோகத்தில் மணல் கலந்த பரப்பு வரும். ஊற்றும்போது அச்சு ஓரளவே சூடாக இருப்பதால் துணிக்கு 5 மி.மீ. தடிமனாவது கொடுக்க வேண்டும். 60 செ.மீ. சிற்பத்தில் அது இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, விளிம்பிலும் துணியின் மென்மை போய்த் தகரத்தின் முரட்டுத்தனம் வரும். விளிம்பை மட்டும் கடைசியில் அரம் கொண்டு உட்பக்கமாகச் சாய்த்துத் தேய்த்தால் கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும்.

ஆக, 60 செ.மீ. வெரோனிகாவுக்குச் செராமிக் ஓடு, துண்டு போட மனமில்லாத, மடிப்பு நிறைந்த மேதியா வெரோனிகாவுக்குப் பிளாஸ்டர், முப்பது செ.மீ.க்குள் அடங்கும் சிக்குவெலினாவுக்குக் கன வார்ப்பு.

துணி மெழுகு

உண்மைத் துணியை மெழுகில் தோய்த்து வார்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வார்க்கலாம், எரிந்தும் போகும். ஆனால் நெசவு அளவுக்குப் பொருந்தாது: 60 செ.மீ. உருவத்தின் கையில் சாதாரணப் பருத்தியின் இழை சாக்குத்துணி போலத் தெரியும். சாம்பல் வேறு ஓட்டுக்குள் தங்கிப் பரப்பில் குழிகளாக வரும். நனைத்த பிளாஸ்டர் பலகையில் மெழுகை ஊற்றி 3.5–4 மி.மீ. தகடாக்கி, வெந்நீரில் இளக்கி, கையால் தொங்கவிட்டு மடிப்பதே நல்லது. கபோத்தே விறைப்பான துணி என்பதை நினைவில் வையுங்கள். புடவை போல் சன்னமாக விழாது. பெரிய கூம்புகளாக உருளும். சின்னச் சின்ன மடிப்பு போட்டால் அது வேறு துணி ஆகிவிடும்.

உலோகம் இறங்கும் குழல்களைத் துணியின் பரப்பில் ஒட்டாமல் கீழ்விளிம்பில் 6–8 செ.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். வெட்டிய தழும்பை விளிம்பில் தேய்ப்பது எளிது, மடிப்பின் முதுகில் மறுபடி செதுக்குவது கடினம். அச்சுக்குள் தகடு படுத்த நிலையில் இருக்கக் கூடாது. செங்குத்தாகவோ சாய்வாகவோ இருந்தால் காற்று மேலேறி வெளியேறும். படுத்திருந்தால் இரு பக்கத்திலிருந்து வரும் உலோகம் நடுவில் சந்தித்து ஒட்டாமல் மடிப்புக் கோடாக நிற்கும்.

எந்த உலோகம்

துண்டு துண்டாக வார்த்துப் பற்றவைப்பதென்றால் சிலிக்கான் வெண்கலம்: செம்பு 95, சிலிக்கான் 4, மாங்கனீசு 1. நன்றாக ஓடும், டிக் வெல்டிங்குக்கு இணக்கமானது, அதே உலோகக் கம்பியால் பற்றவைத்தால் நிறமும் பொருந்தும். 1100–1180 டிகிரியில் ஊற்றலாம். மெல்லிய துணிக்கு இதன் உச்ச எல்லை வேண்டும். அதற்கு மேல் சூடாக்கி வைத்திருந்தால் உலோகம் வாயுவை உறிஞ்சிக்கொண்டு துளைத்துளையாக உறையும்.

செம்பு 85, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலா 5 என்ற கலவையில் உளி நன்றாக ஓடும். ஆனால் காரீயம் பற்றவைப்பில் கொதித்துக் குமிழியிடும், புகையும் நஞ்சு. ஒரே துண்டாக வார்ப்பவர்களுக்கு மட்டும் அது ஏற்றது. 90:10 வெள்ளீய வெண்கலத்தின் நிறத்துக்கு இணை கிடையாது. அது உறையும் வெப்ப எல்லை மிக அகலம் என்பதால் தடித்த பகுதிகளில் நுண்துளைகள் வரும். உள்ளீடற்ற சீரான சுவருக்கே அது பொருந்தும்.

எங்கே வெட்டுவது

தொரேரோவின் உடை இணைப்பை மறைப்பதற்காகவே தைத்தது போல் இருக்கிறது. குட்டைச் சட்டையின் கீழோரம் இடுப்பு இணைப்பை மறைக்கும். தோளிலுள்ள தடித்த பூவேலைப் பட்டை கை இணைப்பை மறைக்கும். கழுத்துப்பட்டை தலையின் இணைப்பை மறைக்கும்.

துணியை மட்டும் கையிலிருந்து பிரித்து வெட்டுவது பலரும் செய்யும் பிழை. மெழுகும் உலோகமும் சேர்ந்து 2–3 விழுக்காடு சுருங்குகின்றன. கரு உள்ள உடலும் கரு இல்லாத துணியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒரு விழுக்காடு வேறுபாடு போதும், துணியைப் பிடித்த இரண்டு முஷ்டிகளுக்கு இடையிலான 40 செ.மீ.யில் 4 மி.மீ. இடைவெளி விழும், விரல்கள் துணியைப் பிடிக்காமல் நிற்கும். முஷ்டிகளைத் துணியோடு சேர்த்தே வாருங்கள். வெட்டு சட்டைக் கையின் வாயில், வெள்ளைச் சட்டைக் கஃப் எட்டிப்பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். அங்கே 4 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் கஃப் சற்று நீண்டதாகத்தான் தெரியும்.

பாதங்கள் வழியே 10 மி.மீ. துருவேறா எஃகு மரைக்கம்பி இரண்டு, பீடத்தின் முழுத் தடிமனுக்கும் இறங்கட்டும். 40×30×5 செ.மீ. கருங்கல் பீடம் 16 கிலோ. தரை தொடும் வெரோனிகாவுக்கு அது போதும்.

நிறத்தில் கபோத்தேயின் இளஞ்சிவப்பைத் தேட வேண்டாம். உடலுக்குக் கந்தக ஈரல் (பொட்டாசியம் சல்பைடு) கரைசலால் அடர்பழுப்பு, துணிக்கு ஃபெரிக் நைட்ரேட்டைச் சூட்டில் பூசிப் பொன்பழுப்பு, மேலே மெழுகு. இந்த இரண்டு படி வேறுபாடு போதும். பென்லியூரே செவில் நகரக் கல்லறையில் தொரேரோ ஹொசெலித்தோவின் நினைவுச் சிற்பத்தில் இறந்தவரை வெண்பளிங்கிலும் சுமப்பவர்களை வெண்கலத்திலும் செய்தார். வேறுபாட்டை இரண்டு பொருள்களாலேயே காட்டும் துணிவு அது.

ஆளுயரம் என்றால்

ஆளுயரச் சிற்பத்தில் 5 மி.மீ. துணி மட்டும் நூறு கிலோவை நெருங்கும், காற்றும் அதைப் பாய்மரம் போல் தள்ளும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கால்களுக்குள் துருவேறா எஃகுக் குழாய்ச் சட்டம், அதிலிருந்து துணியின் உட்பக்கம் வரை கிளைகள், கீழ்விளிம்பில் குறைந்தது இரண்டு நங்கூரங்கள். எடையைக் கீழேயும் பின்னேயும் குவிப்பது பழைய தந்திரம். இத்தாலியச் சிற்பி பியெத்ரோ தாக்கா மாட்ரிடில் நாலாம் பிலிப்பு மன்னரின் பாயும் குதிரையை (1640) பின்கால்களிலும் வாலிலும் நிறுத்தியது பின்பகுதியைக் கனமாகவும் முன்பகுதியை உள்ளீடில்லாமலும் வார்த்துத்தான்.

இன்னொன்று திறந்த வடிவம். செவிலின் த்ரியானாவில் வெனான்சியோ பிளாங்கோ 1972இல் அமைத்த பெல்மோந்தே சிற்பத்தின் மார்பு திறந்த வெளி. அதன் வழியே ஆற்றுக்கு அப்பாலுள்ள மாயெஸ்த்ரான்சா காளைப்போர் அரங்கைப் பார்க்கலாம். பரப்புகளை வெட்டி விட்டால் எடை குறைகிறது, காற்று ஊடே போகிறது, உடையின் பூவேலையைத் துரத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆளுயரத்தில் இறங்கும் சிறு பட்டறைக்கு இந்த வழியையே பரிந்துரைக்கிறோம். பூவேலையில் தோற்றால் சிற்பம் மலிவாகத் தெரியும். திறந்த வடிவில் இடுப்பின் திருப்பம் சரியாக இருந்தால் போதும்.

எந்த வழியானாலும் வெளியில் நிற்கும் சிற்பத்தில் துணியின் மடிப்புகள் மழைநீரைப் பிடிக்கும். ஒவ்வொரு குழியின் தாழ்ந்த இடத்திலும் 6–8 மி.மீ. துளை இட வேண்டும், உடலின் உள்ளீட்டுக்கும் குதிகாலில் ஒன்று. பூர்கோஸ் போன்ற குளிர் நகரங்களில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து பற்றவைத்த கோட்டையே பிளந்துவிடும். துளையை மெழுகு நிலையிலேயே குறித்து வையுங்கள். நிறமேற்றிய பிறகு துளைத்தால் சுற்றிலும் பளிச்சென்ற வளையம் தெரியும்.